விளக்கேந்திய பெண் படத்தைப் பார்த்து வாட்டர்கலரில் வரைகிறேன், முகம் சேறாகிவிடுகிறது. வழி சொல்லுங்கள்

மாங்கூழ்_கணக்கு (காவேரிப்பட்டணம்) எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கிருஷ்ணகிரி பக்கம் ஒரு மாங்கூழ் ஃபேக்டரில கணக்கு எழுதறேன். வயசு 41. பள்ளிக்கூடத்துல லோயர் கிரேடு டிராயிங் பரீட்சை பாஸ் பண்ணினதோட சரி, அப்புறம் இருபது வருஷத்துக்கு மேல பிரஷைத் தொடலை. போன வருஷம் சீசன் முடிஞ்சதும் மறுபடி ஆரம்பிச்சேன். ஆடி தாண்டினாத்தான் எங்களுக்கு மூச்சு விட நேரம் கிடைக்கும்.

பாலக்கோட்டுல எங்க ஆயா வீட்டுக்குள்ள நுழைஞ்சதும் எதிர்ல ஒரு படம் மாட்டியிருக்கும். ஒரு பொண்ணு ஒரு கையில குத்துவிளக்கைப் பிடிச்சுக்கிட்டு, இன்னொரு கையால காத்துல அணையாம சுடரை மறைச்சு நிப்பா. விரல் இடுக்கெல்லாம் செக்கச்செவேல்னு இருக்கும். பழைய காலண்டர்ல வந்ததை ஆயா ஃப்ரேம் போட்டு வெச்சிருந்தாங்க. எங்க மாமா இன்னைக்கும் அது ரவிவர்மா வரைஞ்சதுன்னு அடிச்சுச் சொல்வார். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன்.

ரெண்டு வருஷம் முன்னாடி குடும்பத்தோட மைசூர் போனப்ப ஜெகன்மோகன் அரண்மனையில அசலைப் பார்த்தேன். வரைஞ்சவர் எஸ்.எல். ஹல்தங்கர், வருஷம் 1945-46, மாடலா நின்னது அவரோட சொந்தப் பொண்ணு கீதா. ரவிவர்மா 1906-லேயே காலமாயிட்டார். இதெல்லாம் கூட இருக்கட்டும், அது எண்ணெய் ஓவியம் இல்லை, வாட்டர்கலர்னு தெரிஞ்சப்ப எனக்குக் கை சில்லுனு ஆயிடுச்சு. அவ்வளவு இருட்டை, அவ்வளவு மழமழன்னு, வெறும் தண்ணியும் கலரும் வெச்சு ஒருத்தர் கொண்டு வந்திருக்கார். என் வீட்டுக்காரர் மூணு தடவை வந்து கூப்பிட்டார். நான் நகரலை.

இதைப் பார்த்துப் பார்த்து வரைஞ்சே முகம் வரையக் கத்துக்கணும்னு அங்கேயே முடிவு பண்ணிட்டேன். இதுவரைக்கும் நாலு தடவை ஆச்சு.

முதல் தடவை சாதாரண டிராயிங் பேப்பர்ல. தண்ணி பட்டதும் அப்பளம் மாதிரி நெளிஞ்சு போச்சு. ரெண்டாவதுக்கு பெங்களூர்ல இருந்து 300 ஜிஎஸ்எம் கெட்டிப் பேப்பர் வரவழைச்சேன். ஃப்ளெஷ் டின்ட்னு ஒரு ட்யூப் விக்கிறாங்களே, அதைத் தோலுக்குப் பூசினேன். நிழலுக்கு அதோட பிரவுன் சேர்த்தேன், போதலைன்னு கருப்பு சேர்த்தேன். கன்னம் மழை பேஞ்ச களத்துமேடு மாதிரி ஆயிடுச்சு. ஈர பிரஷால தேய்ச்சு எடுக்கலாம்னு பார்த்தா பேப்பரே திரிதிரியா உரிஞ்சு வந்துச்சு.

மூணாவது தடவை கட்டம் போட்டு, அளந்து, மெதுவா வரைஞ்சேன். கண்ணு, மூக்கு, வாய் எல்லாம் இருக்கவேண்டிய இடத்துல இருக்கு. ஆனா அந்தப் பொண்ணு இல்லை. எட்டாவது படிக்கிற என் பொண்ணு பார்த்துட்டு, "அம்மா, இவங்க விளக்குக்கு முன்னாடி நிக்கல, வெயில்ல நிக்கறாங்க"ன்னா. எங்க தப்புன்னு அவளுக்கும் சொல்லத் தெரியலை, எனக்கும் பிடிபடலை. நாலாவது பாதியில நிக்குது.

இன்னொண்ணும் மனசுல கிடக்கு. கொஞ்ச நாள் ஞாயித்துக்கிழமை கிளாஸ் ஒண்ணுக்குப் போனேன். அங்க சொல்லித் தர்றவர் எல்லார் முன்னாடியும் என் நோட்டை எடுத்துக் காட்டி, காப்பி அடிக்கிறது கலை இல்லை, திருட்டுன்னு சொல்லிட்டார். அன்னைக்கோட கிளாஸுக்குப் போறதை நிறுத்திட்டேன். ஒரு மாசம் பிரஷைக் கழுவி டப்பாவுல போட்டு மூடியே வெச்சிருந்தேன்.

பார்த்து வரையறது தப்பா? தப்பு இல்லைன்னா எந்த வரிசையில போகணும்? தோல் நிறம் எப்படிக் கலக்கறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.

ஓசூர்_ஸ்கெட்ச் எழுதியது:

அக்கா, முதல்ல அந்த டப்பாவைத் திறங்க. பார்த்து வரையறது கத்துக்கற வழிகள்லயே ரொம்பப் பழைய வழி. பாரிஸ் லூவர் மியூசியத்துல இன்னைக்கும் அனுமதி வாங்கிட்டு, படத்துக்கு எதிர்லயே ஸ்டாண்டு போட்டு உட்கார்ந்து வரையறாங்க. அசல் அளவுலயே வரையக்கூடாது, அஞ்சுல ஒரு பங்காவது பெரிசாவோ சின்னதாவோ இருக்கணும், ஓவியரோட கையெழுத்தைப் போடக்கூடாதுன்னு விதி வெச்சிருக்காங்க. இதையே நீங்களும் வெச்சுக்கங்க. பின்பக்கம் "ஹல்தங்கர் ஓவியத்தைப் பார்த்து வரைந்தது"ன்னு எழுதி, தேதி போட்டுடுங்க. அதுல திருட்டு எங்க வந்துச்சு?

ஒண்ணே ஒண்ணு. விக்கறதுக்கு இறங்காதீங்க. ஹல்தங்கர் இறந்தது 1968-ல. நம்ம நாட்டுச் சட்டப்படி ஓவியர் இறந்து 60 வருஷம் வரைக்கும் காப்புரிமை இருக்கு. வீட்ல உட்கார்ந்து கத்துக்கறதுக்கு யாரும் எதுவும் சொல்ல முடியாது. சொந்தக்காரங்க கிரகப்பிரவேசத்துக்கு வரைஞ்சு குடு, காசு தர்றேன்னு கேப்பாங்க, எனக்கு நடந்திருக்கு. அதுக்கு மட்டும் வேண்டாம்னு சொல்லிடுங்க.

கலர் விஷயம் பெரியவங்க யாராச்சும் சொல்லட்டும். நான் பென்சில் ஆளு.

டிராயிங்_மாஸ்டர்_தருமபுரி எழுதியது:

அம்மா, 31 வருடம் அரசுப் பள்ளிகளில் ஓவிய ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். அந்தப் படத்தின் முன்னால் நானும் நின்றிருக்கிறேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் பதில் எழுதாமல் இருக்க முடியவில்லை. கொஞ்சம் நீளமாகத்தான் வரும்.

உங்கள் மகள் சொன்னது முழுக்கச் சரி. அந்தக் குழந்தையின் கண் நல்ல கண். வெயில் மேலிருந்து வருகிறது, விளக்கு வெளிச்சம் கீழிருந்து வருகிறது. மூக்குக்கு அடியில் நிழல், கீழுதட்டுக்கு அடியில் நிழல், தாடைக்கு அடியில் கெட்டியான நிழல் என்று சின்ன வயதிலிருந்து நம் கை பழகிவிட்டது. எதிரே எந்தப் படத்தை வைத்தாலும் கண் ஒன்றைப் பார்க்கும், கை பழகியதையே போடும். மூன்றாவது படத்தை எடுத்துப் பாருங்கள். மூக்குக்கு அடியில் பிரவுன் வைத்திருப்பீர்கள். இருக்கிறதா?

விளக்கை நெஞ்சு உயரத்தில் பிடித்தால் எல்லாம் தலைகீழாகும். மூக்கின் அடிப்பாகம் ஒளிரும். மேலுதட்டில் வெளிச்சம் விழும், கீழுதடு சற்று மங்கும். தாடையின் கீழ்ப்பக்கமும் கழுத்தும் பளிச்சென்று இருக்கும். புருவத்துக்கு அடியில், கண் இமைக்கு மேலே உள்ள அந்தக் குழிவு, வெயிலில் எப்போதும் இருட்டாக இருக்கிற இடம், இங்கே வெளிச்சமாகிவிடும். நெற்றி மேலே போகப் போக இருட்டோடு கலந்துவிடும். இதை நான் எழுதிப் புரியவைப்பதைவிட நீங்களே பார்ப்பது மேல். இன்று ராத்திரி லைட்டை எல்லாம் அணைத்துவிட்டு மகள் கையில் ஒரு அகல் விளக்கைக் கொடுத்து நிறுத்துங்கள். அஞ்சு நிமிஷம் வரையாதீர்கள், பார்த்துக்கொண்டு மட்டும் இருங்கள். அப்புறம் காலண்டர் படத்தைப் பாருங்கள். இத்தனை நாள் அதில் நீங்கள் பார்க்காதது நாலைந்து இடத்தில் தெரியும்.

நம் அதியமான்கோட்டை சென்றாயப் பெருமாள் கோயில் விதானத்தில் பழைய ஓவியங்கள் இருக்கின்றனவே, ராமாயண, மகாபாரதக் காட்சிகள், என் மாணவர்களை அங்கே கூட்டிக்கொண்டு போவேன். அந்த முகங்களில் வெளிச்சம் எந்தப் பக்கமிருந்தும் வராது. கோடுதான் முகம். அதைப் பார்த்து வரைபவன் கோட்டைப் படிக்க வேண்டும். ஹல்தங்கர் பம்பாய் ஜே.ஜே. ஓவியப் பள்ளியில் வெளிச்சம், நிழல் பார்த்து வரையும் முறையில் படித்தவர். அவர் படத்தைப் பார்த்து வரைபவர் வெளிச்சத்தைப் படிக்க வேண்டும். நீங்கள் கட்டம் போட்டு அளந்தது கோட்டைத்தான். அதனால்தான் எல்லாம் இடத்தில் இருந்தும் அந்தப் பெண் வரவில்லை.

இப்போது சேறு. ஃப்ளெஷ் டின்ட் ட்யூபை எடுத்துத் தனியாக வைத்துவிடுங்கள். அந்த மாதிரி கலரில் வெள்ளை கலந்திருக்கும். வாட்டர்கலரில் வெளிச்சம் என்பது பேப்பரின் வெள்ளைதான், கலர் வழியாக அது எட்டிப் பார்க்க வேண்டும். வெள்ளை கலந்த கலரை மேலே பூசினால் ஜன்னலில் சுண்ணாம்பு அடித்த மாதிரி. அதன் மேல் பிரவுனும் கருப்பும் போட்டால் சேறுதான் வரும், வேறெதுவும் வராது. கருப்பு ட்யூபும் வேண்டாம். காலண்டரில் தெரிகிற கருப்பு அச்சு மை, அது ஹல்தங்கருடைய கருப்பு இல்லை. அசலைப் பார்த்தவர் நீங்கள், அந்த இருட்டுக்குள் பழுப்பும் நீலமும் இருந்தது ஞாபகம் வரும்.

முகத்துக்கு நாலு கலர் போதும்: எல்லோ ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), அல்ட்ராமெரைன் (ஆழ்ந்த நீலம்), அலிசரின் கிரிம்சன் (கருஞ்சிவப்பு). அலிசரின் வாங்கும்போது பெர்மனென்ட் என்று போட்டிருப்பதாகப் பாருங்கள், பழைய வகை வெளிச்சத்தில் வெளுத்துப்போகும். சுடருக்குப் பக்கத்தில் மட்டும் கொஞ்சம் இந்தியன் எல்லோ. ஒரு கலவையில் மூன்றுக்கு மேல் சேர்க்காதீர்கள்.

தோல் நிறத்தைத் தட்டில் கலந்து எடுக்க முடியாது அம்மா. அது பேப்பரில் அடுக்கடுக்காக வர வேண்டும். என் மாணவர்களுக்கு நான் சொல்வது நீர்மோர், பால், தயிர். முதல் கோட், அதாவது முதல் பூச்சு, நீர்மோர் மாதிரி: ஓக்கரில் துளி அலிசரின், முகம் கழுத்து கை முழுக்க, மிகவும் பளிச்சென்று இருக்க வேண்டிய இடங்களை மட்டும் விட்டுவிட்டு. காயட்டும். புறங்கையை வைத்துப் பாருங்கள், ஜில்லென்று இருந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது. அடுத்தது பால் பதம்: சியன்னாவும் அலிசரினும், முகம் திரும்புகிற இடங்களில். கடைசியில் தயிர் பதம்: சியன்னாவோடு அல்ட்ராமெரைன், கண் இமை, மூக்குத் துவாரம், கூந்தல் ஆரம்பிக்கும் இடம், அவ்வளவுதான். தயிர் போட வேண்டிய இடம் ஒரு முகத்தில் உள்ளங்கை அளவுகூட வராது. நீங்கள் முதலிலேயே தயிரில் ஆரம்பித்திருக்கிறீர்கள். பேப்பர் உரிந்ததற்குக் காரணம், அதன் மேல் பசை மாதிரி ஒரு பூச்சு இருக்கும், தேய்த்தால் அது போய்விடும். அப்புறம் அந்த இடம் கலரை ஒற்றுத்தாள் மாதிரி குடிக்கும். ஒரு தடவை ஒற்றி எடுத்து வரவில்லை என்றால் விட்டுவிடுங்கள்.

பின்னணியைக் கடைசிக்கு வைத்திருந்தீர்களா? பெரும்பாலும் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். சுற்றிலும் வெள்ளைப் பேப்பர் இருக்கும்போது முகத்தில் எந்தக் கலர் வைத்தாலும் கருப்பாகத் தெரியும், பயந்து நிறுத்திவிடுவோம். பிறகு பின்னணியை இருட்டாக்கினால் முகம் வெளுத்துப்போய் நிற்கும். முகத்தின் முதல் கோட் காய்ந்ததும் பின்னணிக்கு ஒரு நடுத்தர இருட்டு போட்டுவிடுங்கள். அதன் பிறகு முகத்துக்கு வாருங்கள்.

இவ்வளவும் சொல்லிவிட்டு ஒன்று கேட்கிறேன். நாலாவது படத்தை அப்படியே வைத்துவிட்டு, கையை மட்டும் வரைவீர்களா? சுடரை மறைக்கிற அந்தக் கையை மட்டும். அரை அடி உயரத்துக்கு, பெரிதாக. முதலில் பர்ன்ட் அம்பர் (அடர் பழுப்பு) ஒரே கலரில் இருட்டு வெளிச்சம் மட்டும் பாருங்கள், காலண்டரை ஃபோனில் கருப்பு வெள்ளையாக எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அது சரியாக வந்த பிறகு கலர். சுடருக்கு ஒட்டின இடம் பேப்பர் வெள்ளை, அடுத்து மஞ்சள், அப்புறம் ஆரஞ்சு, அப்புறம் சிவப்பு, கடைசியில் இருட்டு. இந்த வரிசை எங்கேயும் மாறாது. விரல் ஓரம் சிவப்பாவது ரத்தத்தின் வழியாக வெளிச்சம் வருவதால். டார்ச்சை உள்ளங்கையில் பொத்திப் பார்த்தால் தெரியும். அதனால் விரலுக்குக் கோடு போடாதீர்கள். ஓரம் ஒளிரும்போது அங்கே கோடு ஏது?

மாங்கூழ்_கணக்கு எழுதியது:

சார், கைகூப்பி நன்றி. மூணாவது படத்தை எடுத்துப் பார்த்தேன். மூக்குக்கு அடியில பிரவுன் இருக்கு. தாடைக்கு அடியிலயும் நல்லா அழுத்தி வெச்சிருக்கேன். காலண்டர்ல அந்த ரெண்டு இடமும் வெளிச்சமா இருக்கு. இத்தனை மாசமா தினம் பார்த்துக்கிட்டிருந்த படம் சார்.

நேத்து ராத்திரி பொண்ணை அகல் விளக்கோட நிக்க வெச்சேன். நீங்க சொன்னபடி வரையலை. அவ இமைக்கு மேல வெளிச்சம் ஏறி நின்னுச்சு. சொந்தப் பொண்ணு முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை.

கையை ஆரம்பிச்சுட்டேன். ஒரே கலர்ல ரெண்டு போட்டாச்சு, ரெண்டாவது பரவாயில்லை. பின்னணிதான் தகராறு. பெரிய வாஷ் (தண்ணியா கரைச்ச அகலமான பூச்சு) இழுக்கும்போது பாதியிலயே காஞ்சு கோடு கோடா நிக்குது. காஞ்சதும் இருட்டு மேல லேசா வெள்ளையா ஏதோ படியற மாதிரியும் இருக்கு. பேப்பரோட குறையா?

பென்னாகரம்_நீர்வண்ணம் எழுதியது:

அக்கா, எந்தத் தண்ணியில கலர் கரைக்கறீங்க? போர் தண்ணியா இருந்தா முதல்ல அதை மாத்துங்க. நம்ம பக்கத்துப் போர் தண்ணி எப்படின்னு சொல்லவே வேணாம், ஃப்ளோரைடு தொந்தரவுக்காகத்தானே ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டமே கொண்டு வந்தாங்க. தண்ணி காய்ச்சற குண்டான் அடியில வெள்ளையா பொறை கட்டுமில்ல, அதே உப்புதான் பேப்பர்லயும் காயுது. வெளிர் கலர்ல கண்ணுக்குத் தெரியாது, இருட்டுல காட்டிக்குடுத்துடும். நான் ஒரு வருஷம் பெயின்ட்டைக் குறை சொல்லிக்கிட்டே இருந்தேன். இப்ப கேன் தண்ணியோ மழைத்தண்ணியோ மட்டும்தான். ரெண்டு கிண்ணம் வெச்சுக்கங்க, ஒண்ணு பிரஷ் கழுவ, ஒண்ணு கலர் கரைக்க. கழுவற கிண்ணத்துத் தண்ணியைக் கலருக்கு எடுக்கவே கூடாது.

டிராயிங்_மாஸ்டர்_தருமபுரி எழுதியது:

தம்பி சொன்னது நல்ல யோசனை, முதலில் அதைச் செய்து பாருங்கள். கோடு விழுவதற்கு நான் ஒன்று சொல்கிறேன். ஃபேன் ஓடுகிறதா? நம் ஊர் வெக்கையில் ஃபேனுக்கு அடியில் வாஷ் போட்டால் பிரஷ் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் போவதற்குள் காய்ந்துவிடும். காலை அஞ்சரை, ஆறு மணிக்கு உட்காருங்கள். ஃபேனை நிறுத்திவிடுங்கள். பேப்பரின் பின்பக்கத்தையும் ஈரத்துணியால் துடைத்து பலகையில் ஒட்டினால் கொஞ்ச நேரம் ஈரம் பிடித்து நிற்கும். பலகையை லேசாகச் சாய்த்து வையுங்கள். பெரிய பிரஷ், நிறைய கலர் முன்கூட்டியே கரைத்து வைத்திருக்க வேண்டும், நடுவில் கரைக்க எழுந்தால் போச்சு. ஈரம் மினுமினுக்கிற வரை கை வைக்கலாம். மினுமினுப்பு அடங்கின பிறகு தொடாதீர்கள், தண்ணீர் ஓடிப் பூ பூத்த மாதிரி கறை விழும்.

இருட்டு ஒரே பூச்சில் வராது. மூன்று, நான்கு பூச்சு வேண்டும். ஒவ்வொன்றும் நன்றாகக் காய்ந்த பிறகு.

இன்னொன்று, ராத்திரி பல்பு வெளிச்சத்தில் கலர் போடாதீர்கள். மஞ்சள் பல்புக்குக் கீழே மஞ்சளின் அளவே தெரியாது. ராத்திரியில் பென்சில் வேலை, காலையில் கலர்.

மாங்கூழ்_கணக்கு எழுதியது:

மூணு வாரம் கழிச்சு எழுதறேன். தண்ணியை மாத்தினதும் வெள்ளைப்படிவு நின்னுடுச்சு. பென்னாகரம் தம்பிக்கு ரொம்ப நன்றி. ஃபேனை நிறுத்தி, விடிகாலையில உட்கார்றேன். தெருவுல பால்காரர் வர்ற வரைக்கும் ஒரு சத்தம் இருக்காது.

கை அஞ்சு தடவை போட்டேன் சார். அஞ்சாவதுல நடுவிரலுக்கும் மோதிர விரலுக்கும் நடுவுல நூல் கனத்துக்குப் பேப்பரை விட்டுட்டு, ரெண்டு பக்கமும் இந்தியன் எல்லோவை ஈரத்துலயே தொட்டு, அது அரைக்காய்ச்சலா இருக்கும்போது அலிசரினைப் பக்கத்துல வெச்சேன். அது தானா ஊர்ந்து போய் மஞ்சளோட சேர்ந்துச்சு. பிரஷை எடுத்துட்டு, காயற வரைக்கும் கை வைக்காம உட்கார்ந்திருந்தேன். பின்னணி நாலாவது கோட் விழுந்ததும் அந்த நூல் இடம் எரிய ஆரம்பிச்ச மாதிரி தெரிஞ்சுது. கோடே போடலை. விரல் தெரியுது. படத்தைப் போட்டிருக்கேன், பாருங்க.

கட்டைவிரல் மட்டும் கொஞ்சம் தடியா வந்திருக்கு, அது பென்சில்லயே வந்த தப்பு. நகத்துக்கு என்ன பண்றதுன்னும் தெரியலை. வெள்ளையா விடணுமா, ஓரம் காட்டணுமா? இது முடிஞ்சா முகத்துக்குப் போகலாமா, இல்ல இன்னும் கையே போடட்டுமா?

டிராயிங்_மாஸ்டர்_தருமபுரி எழுதியது:

பார்த்தேன் அம்மா. பெரிதாக்கி ரெண்டு மூன்று தடவை பார்த்தேன். நடுவிரலும் மோதிர விரலும் ஹல்தங்கரிடம் கற்றுக்கொண்ட விரல்கள். சுண்டுவிரலில் சிவப்பு அதிகம், அது சுடருக்குத் தூரத்தில் இருக்கிறது, அங்கே சியன்னாவே போதும். கட்டைவிரல் தடியானது பரவாயில்லை, அடுத்ததில் சரியாகும்.

நகத்தை வரையாதீர்கள். விரலின் சாய்வு சரியாக இருந்தால் நகம் இருக்கிற இடம் பார்க்கிறவருக்குத் தெரிந்துவிடும். ரொம்பத் தேவைப்பட்டால் ஒரு பக்க ஓரத்தில் மட்டும் துளி நிழல்.

முகத்துக்குப் போகலாம். முழு முகம் வேண்டாம், மூக்கும் மேலுதடும் மட்டும். முதல் பூச்சுக்கு முன் மூக்கின் அடிப்பாகத்தைப் பென்சிலால் லேசாக வட்டம் போட்டு, "இங்கே வைக்காதே" என்று பக்கத்தில் எழுதி வைத்துக்கொண்டு உட்காருங்கள். கை பிரவுனைத் தேடிக்கொண்டு அங்கேதான் போகும். மகளையும் பக்கத்தில் உட்காரச் சொல்லுங்கள்.